கீழ்த்தோட்டத்து உப்பு

தொசிந்தா திராட்சைப் பந்தலின் கல்தூணை நக்கிக்கொண்டிருந்ததைப் பிலாரா பார்த்துவிட்டாள்.

வேறு யார் பார்த்திருந்தாலும் சமாளித்திருக்கலாம். பிலாரா அப்படிப்பட்டவள் இல்லை. கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி மட்டி வாரிவிட்டு, இடுப்புவரை ரப்பர் பூட்ஸும் தோளில் இரும்பு வாரியுமாக மேலேறி வருகிறவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"அடியே, என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"தூணை நக்குற, ஒண்ணுமில்லங்கிற. வீட்ல சாப்பிட எதுவும் இல்லையா?"

"உப்பு இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கா?"

"இருக்கு. ஆனா காலையில மேல்தோட்டத்துத் தூணையும் நக்கிப் பார்த்தேன். அதுலயும் இருக்கு. புயலடிச்சா இந்த ஊர்ல எதுலதான் உப்பு இல்ல? ஒண்ணுமே புரியல பிலாரா."

பிலாரா வாளியைக் கீழே வைத்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பழகிய சிநேகிதி ஊரில் உள்ள தூணையெல்லாம் நக்கிக்கொண்டு திரிந்தால் யார்தான் சும்மா விட்டுவிட்டுப் போவார்கள்?

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாகப்பிரிவினை. அப்பா போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. இருப்பது இரண்டு திராட்சைத் தோட்டம், இரண்டு பிள்ளைகள்: அண்ணன் ஷெனாரோ, தங்கை தொசிந்தா. இந்தப் பக்கத்து வழக்கப்படி மூத்தவர் சொத்தை இரண்டு பங்காகப் பிரித்து வைப்பார், இளையவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டார் ஒருவர் சாட்சி நிற்பார், இந்த முறை பிலாரா. கையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பிறகு கம்பாதோஸ் டவுனுக்குப் போய் நோட்டரி முன்னால் போடுவது வெறும் கையெழுத்து. கொடுத்த கையைத் திரும்ப வாங்கியவர் குடும்பத்தோடு பிறகு யாரும் பந்தல் வேலைக்குக்கூடப் போக மாட்டார்கள்.

கீழ்த்தோட்டம் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கரையிலிருந்து இத்தனை தூரத்துக்கு வீடு கட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறதே, அந்தத் தூரம் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. மேல்தோட்டம் கோயிலுக்குப் பின்னால், மேட்டில். இரண்டிலும் ஒரே அல்பரீன்யோ திராட்சைதான், அப்பா ஒரே வருடத்தில் வைத்த கொடிதான். ஷெனாரோவின் மகன் பிராயிஸ் வீகோ நகரத்தில் கார் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறான், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறான், இரண்டு குழந்தைகள். ஊரில் வீடு கட்டப்போகிறான். ஷெனாரோவின் பங்குக்கு எந்தத் தோட்டம் வருகிறதோ அதில் கட்டுவான். ஆக, தொசிந்தா எடுக்கிற தோட்டம் பிழைக்கும். விடுகிற தோட்டத்தில் பந்தலைப் பிரித்து, கொடியை வேரோடு பிடுங்கி, அஸ்திவாரம் தோண்டுவார்கள்.

இதில் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். போன செப்டம்பர் வரை ஒரு குழப்பமும் இல்லை.

இருபத்தைந்து வருடமாக இரண்டு தோட்டத்துப் பழத்தையும் தனித்தனியாகப் பிழிந்து ஒயின் செய்கிறவள் தொசிந்தாதான். இந்தக் கரையில் வெயிலை நம்பி யாரும் எதுவும் செய்வதில்லை. செப்டம்பர் காலையில்கூட ஸ்வெட்டர் வேண்டும். மூடுபனி பத்து மணிக்குத்தான் கிளம்பும், அது போன கையோடு தூறல் வரும். அல்பரீன்யோ இதற்குப் பழகிய பழம். சின்னது, தோல் தடித்தது, பழுத்தாலும் புளிப்பை விடாது. கல்தூண் நட்டு, ஆளுயரத்துக்கு மேலே பந்தல் போட்டு, அடியில் காற்று ஓட விட்டால் பூஞ்சணம் பிடிக்காமல் தப்பும்.

மேல்தோட்டத்து ஒயின் நல்ல ஒயின். பீச் பழ வாசனையோடு தாராளமாக வாய்க்குள் வரும், கல்யாண வீட்டில் ஊற்றினால் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள். விழுங்கியதும் போய்விடும், அவ்வளவுதான். கீழ்த்தோட்டத்து ஒயின் அப்படிச் சட்டென்று யாரோடும் ஒட்டாது. முதல் வாய்க்கு எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும்தான் தெரியும், கொஞ்சம் முகம் சுளிக்கக்கூடச் செய்யும். விழுங்கியபிறகு, முடிந்துவிட்டது என்று கிண்ணத்தைக் கீழே வைக்கும் நேரத்தில், நாக்கின் இரண்டு ஓரத்திலும் உப்பு வந்து நிற்கும். வாய் ஊறும். கை தானாகக் கிண்ணத்துக்குப் போகும். ஆவியில் வாய் திறந்த மட்டியை அதோடு ஒருமுறை சாப்பிட்டவர்கள் மறுபடி அந்த வீட்டுக் கதவைத் தட்டாமல் இருந்ததில்லை. அந்த உப்பைப் பற்றி தொசிந்தா ஊரெல்லாம் பேசியிருக்கிறாள். அண்ணனிடம் மட்டும், "அந்தத் தோட்டம் எனக்கு வேண்டும்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்ல மாட்டார்கள். இந்த ஊரின் சீக்கே அது. இங்கே ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னொரு கேள்வி வரும். மழை வருமா என்று கேட்டால், வரக் கூடாதா என்பார்கள். எங்கே போகிறாய் என்றால், எங்கே போவார்கள் என்பார்கள். இத்தனை வருடம் இவர்களோடு இருந்து எனக்கே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஷெனாரோ இதில் மன்னன். முப்பது வருடம் சிப்பி வளர்க்கும் மிதவைகளில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நேராக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதற்குள் கிழவனாகிவிடலாம்.

போன செப்டம்பர் அறுவடைக்கு நான்கு நாள் இருக்கும்போது தொசிந்தா ஈரப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பொந்தேவேத்ரா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், தகடு, பிறகு வீங்கிப்போய் இன்னொரு ஆபரேஷன். அறுவடை முழுவதையும் ஷெனாரோ அக்கம்பக்கத்தாரை வைத்து முடித்தார், பிழிந்தார், டேங்கில் ஏற்றினார். கட்டோடு திரும்பி வந்த தொசிந்தா நிலவறையில் நின்று நுரை அடங்கிய வாசனையை இழுத்து, "பரவாயில்லையே அண்ணே, ஒப்பேத்திட்டியே" என்றாள். "கெடுத்துடுவேன்னு நினைச்சியா?" என்றார் அவர்.

மேல்தோட்டத்து மூலையில் இருக்கும் அந்த நிலவறையில் இரண்டே ஸ்டீல் டேங்க். கதவோரத்து டேங்கில் எப்போதும் கீழ்த்தோட்டத்து ஒயின், உள்பக்கத்து டேங்கில் மேல்தோட்டத்து ஒயின். அப்பா தோட்டத்துப் பேரை எழுதிக் கம்பியால் கட்டிவிட்ட சிலேட்டு ஒவ்வொன்றிலும் தொங்குகிறது. எழுத்து மங்கினால் அதன் மேலேயே எழுதுவார்கள், கழற்றுவதில்லை.

குளிர்காலத்தில் கதவோரத்து டேங்கைத் திறந்து ஒரு கிண்ணம் பிடித்துக் குடித்தாள். உப்பு இல்லை. பீச் பழமாக உருண்டு வந்து, போயே போய்விட்டது. சரி, வலி மாத்திரை நாக்கைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தாள். ஜனவரியில் மாத்திரையை நிறுத்தியும் உப்பு வரவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் உள்பக்கத்து டேங்கிலிருந்து எடுத்தபோது, ஐயோ, நாக்கின் ஓரத்தில் உப்பு! கிண்ணத்தை வைத்துவிட்டு சிலேட்டைப் பார்த்தாள். மேல்தோட்டம் என்றுதான் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, போன வருஷம் கீழ்த்தோட்டத்துப் பழத்தை எதுல போட்ட?"

வலை தைத்துக்கொண்டிருந்த ஷெனாரோ நிமிராமலே சொன்னார்: "எதுல போடுவாங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா யாராவது கேப்பாங்களா?"

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? ஒரு மாதம் முதுகு ஒடிய வேலை செய்த மனிதரிடம் போய், நீ கலைத்துப் போட்டுவிட்டாயா என்று கேட்பதா? இவள் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். நமீபியாப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருக்கும் கணவனுக்கு போன் போட்டால், "உனக்கு எது தோணுதோ அதைச் செய்" என்றான். அதுதான் தோன்றவில்லையே என்று போனிலேயே கத்தினாள்.

இப்போது மே மாதம். நாளை மறுநாள் ஞாயிறு.

"இங்க பாரு," என்றாள் பிலாரா, வாளியை மறுபடி தூக்கிக்கொண்டு. "தூணை நக்கி ஒண்ணும் தெரியப்போறதில்ல. நாளைக்கு மத்தியானம் நான் வரேன். நீ சுவத்தைப் பார்த்துத் திரும்பி உக்காரு. நான் ரெண்டு டேங்க்லேர்ந்தும் மாத்தி மாத்தி ஊத்தித் தரேன். சிலேட்டைப் பார்த்துட்டுக் குடிச்சா மனசு சொல்றதைத்தான் நாக்கும் சொல்லும். பார்க்காம குடி."

"நீயும் குடிச்சுப் பாரேன்."

"நான் நாள் முழுக்க உப்புத் தண்ணியில நிக்கறவ. எனக்கு பால் குடிச்சாலும் உப்புதான்."

சனிக்கிழமை மத்தியானம் நிலவறையில் தொசிந்தா சுவரைப் பார்த்து முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பிலாரா முதுகுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு கண்ணாடிக் கோப்பையாக நீட்டினாள்.

முதல் கோப்பை. பீச் பழம், தாராளம், போய்விட்டது. இரண்டாவது கோப்பை. எலுமிச்சைத் தோல், ஆப்பிள். விழுங்கினாள். காத்திருந்தாள்.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள். "வந்துடுச்சுடி! இதான், இதான் கீழ்த்தோட்டம். கதவோரத்து டேங்க்தானே? சொல்லு!"

பின்னால் பிலாரா குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.

"என்னடி?"

"உள்பக்கத்து டேங்க்," என்றாள் பிலாரா.

மறுபடி ஊற்றச் சொன்னாள். மறுபடியும் உப்பு இருக்கிறதென்று அவள் சொன்னது உள்பக்கத்து டேங்கைத்தான். மூன்றாவது முறை மாற்றிக் கொடுத்தும் அதேதான். ஐந்தாறு மாதமாகத் தேடிய சுவை கிடைத்தும் அவளுக்கு அழுகைதான் வந்தது. கிடைத்த இடம் தப்பான இடமாக இருந்ததே!

"டேங்க் மாறியிருக்குமோ?" என்றாள் பிலாரா.

"கேட்டேனே. எதுல போடுவாங்கன்னு சொன்னார்."

"அது பதிலா?"

"வேற எப்படிச் சொல்வார்? வழக்கமா போடறதுலதான் போட்டேன்னு அர்த்தம்." தொசிந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல பிலாரா. இப்பத்தான் புரியுது. கீழ்த்தோட்டத்து ஒயினை நான் எங்க உக்காந்து குடிப்பேன்? அங்கேயே மதில் மேல, கடல் வத்தியிருக்கும்போது. பாசி வாசனை மூக்குல ஏறும், உதடெல்லாம் காத்துல உப்பு. அதைத்தான் ஒயினோட உப்புன்னு இருபத்தஞ்சு வருஷமா உளறியிருக்கேன். அந்த மண்ணுல ஒண்ணும் இல்ல. எல்லாம் என் மண்டையில இருந்திருக்கு."

பிலாராவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் மேல்தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே கூடினார்கள். மேசையில் சோள ரொட்டி, பாலாடைக் கட்டி, ஒரு சட்டி நிறையப் பிலாரா வேகவைத்த மட்டி. ஷெனாரோ கோயிலுக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் நின்றே சொன்னார்:

"ஒரு பங்கு கீழ்த்தோட்டம், கிணத்தோட. இன்னொரு பங்கு மேல்தோட்டம், நிலவறையோட, டேங்க் ரெண்டும் சேர்த்து. எடுத்துக்க தொசி."

நிலவறையை மேல்தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்! ஒயின் செய்கிறவள் நிலவறை இல்லாமல் என்ன செய்வாள்? கீழ்த்தோட்டம் மகனுக்கு வேண்டுமென்று அவளை மேலே தள்ளிவிடுகிறாரா? இல்லை, நிலவறை உள்ளதுதான் தங்கைக்கு நல்லது என்று விட்டுக்கொடுக்கிறாரா? அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அறுபத்தோரு வருடத்தில் அந்த முகம் யாருக்கும் எதையும் காட்டிக்கொடுத்ததில்லை.

"உனக்கு எது வேணும் அண்ணே?"

"எனக்கு எது வேணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"இன்னைக்கு எடுக்கறது நீயா, நானா?"

"அட ஆண்டவரே, யாராவது ஒருத்தர் பேசித் தொலைங்களேன், மட்டி ஆறுது!" என்றாள் பிலாரா.

தொசிந்தா பந்தலை அண்ணாந்து பார்த்தாள். புதுத் தளிர் விட்டிருந்தது. நேற்றைய மூன்று சுற்றும் நினைவுக்கு வந்தன. உப்பு இருக்கிறதென்று தன் நாக்கு சொன்ன தோட்டம் இது, நிலவறையும் இதோடுதான் வருகிறது. இதற்கு மேலும் கீழ்த்தோட்டத்தைப் பிடித்துத் தொங்குவது அசட்டுத்தனம். ஆனாலும் மேசையில் இருந்த ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். ஏன் தயங்குகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"மேல்தோட்டம்," என்றாள் கடைசியில்.

ஷெனாரோ கையை நீட்டினார். தகடு வைத்த வலது கையை அவள் கொடுத்தாள். பிலாரா மேசையைத் தட்டி, "நான் சாட்சி" என்றாள்.

உடனே ஷெனாரோ தோட்டத்து மூலைக்குப் போய் போனை எடுத்தார். ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர்தானே. "கீழ்த்தோட்டம்டா பிராயிஸ்... ஆமாண்டா, கடல் தெரியும்... ஆமா, சமையல் கட்டு ஜன்னல்லேர்ந்தே தெரியும்... டேய், எதுக்குடா அழற?" அவருக்கும் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தார். தொசிந்தாவுக்கு அதைப் பார்க்க நன்றாகவே இருந்தது. சரி, எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"ஒரு கூஜா ஒயின் கொண்டா பிலாரா," என்றார் ஷெனாரோ. "தொசி தோட்டத்து ஒயினையே குடிப்போம். கதவோரத்து டேங்க்ல பிடி."

நிலவறைப் படியில் கால் வைத்த பிலாரா அப்படியே நின்றாள். "கதவோரத்து டேங்க் கீழ்த்தோட்டம்தானே?"

"எப்பவும் அப்படித்தான். போன வருஷம் மட்டும் மாறிடுச்சு. அறுவடைல கீழ்த்தோட்டத்துப் பழம்தான் முதல்ல வந்துச்சு. அன்னைக்குப் பார்த்து கதவோரத்து டேங்க்ல குழாய் ஒழுகுச்சு. சரின்னு உள்பக்கத்துல ஏத்திட்டேன். மேல்தோட்டத்துப் பழம் வர்றதுக்குள்ள குழாயைச் சரிபண்ணிட்டாங்க, அதைக் கதவோரத்துல ஏத்திட்டேன். ஒயினுக்கு என்ன தெரியும், எந்த டேங்க்னு?"

தொசிந்தா உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கேட்டேனே அண்ணே," என்றாள். "பிப்ரவரில வந்து கேட்டேனே. நீ எதுல போட்டன்னு கேட்டேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"எதுல போடுவாங்கன்னு சொன்ன."

"ஆமா, டேங்க்லதானே போடுவாங்க? கை உடைஞ்சு கிடக்கறவகிட்ட குழாய் ஒழுகின கதையெல்லாம் எதுக்குன்னு விட்டேன். நீயும் சும்மா கேட்டேன்னு சொன்ன." அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்தது அவருக்கு மெல்ல உறைத்தது. "ஏன்? என்ன ஆச்சு? ரெண்டும் ஒரே திராட்சைதானே?"

பிலாரா நேரே உள்ளே போய் உள்பக்கத்து டேங்கிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் பிடித்துக்கொண்டு வந்து ஷெனாரோவிடம் கொடுத்தாள். கூடவே ஒரு மட்டியையும். அவர் மட்டியைத் தின்றார், குடித்தார், விழுங்கினார். கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனவர் வைக்கவில்லை. மறுபடி குடித்தார். இருபத்தைந்து வருடமாக இந்த ஒயினை மடக் மடக்கென்று விழுங்கியவர் இன்றைக்குத்தான் நின்று குடித்தார்.

தொசிந்தா எழுந்தாள். வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"அண்ணே, கீழ்த்தோட்டம் எனக்கு வேணும். எனக்கு எப்பவுமே அதுதான் வேணும். நிலவறையோட இதை நீ எடுத்துக்கிட்டு அதை எனக்குக் குடு."

ஷெனாரோ வழக்கம்போல ஒரு கேள்வியைத்தான் எடுத்திருப்பார். உதடு அதற்குத்தான் குவிந்தது. பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"முடியாது தொசி," என்றார். "பையன்கிட்ட சொல்லிட்டேன். அவன் அழுததை நீயும் கேட்ட. முடியாது."

அவ்வளவு நேரான பதிலை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. அதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. ஐந்தாறு மாதமாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் நின்றுவிட்டது. நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, இவள்தான் அதை விட்டுவிட்டு சிலேட்டை நம்பியிருக்கிறாள்.

"வர்ற செப்டம்பர் கீழ்த்தோட்டத்து அறுவடைய நீயே எடுத்துக்க," என்றார் ஷெனாரோ. "அதுக்கப்புறம்தான் தோண்டச் சொல்லுவேன். அந்த அளவுக்கு அவன் பொறுத்துக்குவான்."

"சரி," என்றாள் தொசிந்தா.

அண்ணன்மேல் கோபம் வருமா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது, அதைவிடத் தன்மேல் அதிகம் இருந்தது. நேராக ஒரு வார்த்தை, பிப்ரவரியில், அந்த வலைக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் போதுமே! மூக்கைச் சிந்திக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினாள். பிலாரா பின்னாலேயே வந்து கதவருகே நின்றாள்.

அப்பா முறுக்கிய கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. மணிக்கட்டு வலிக்க வலிக்க முறுக்கைப் பிரித்தாள். இரண்டு சிலேட்டையும் கழற்றி, உள்பக்கத்து டேங்கில் கீழ்த்தோட்டத்தையும் கதவோரத்து டேங்கில் மேல்தோட்டத்தையும் மாட்டினாள். பிறகு உள்பக்கத்து டேங்கைக் கையால் தட்டித் தட்டி, சத்தம் எந்த உயரத்தில் மாறுகிறதென்று காது வைத்துக் கேட்டாள். கீழ்த்தோட்டத்து ஒயின் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.